பளபளப்பு வேண்டாம், சேசிஸைப் பாருங்கள்

1948இல் ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில் முதல் லேண்ட் ரோவர் அறிமுகமானபோது, பிரிட்டனில் எஃகுக்குக் கடும் தட்டுப்பாடு. அதனால் வெளித்தகடுகளை பர்மாபிரைட் என்னும் அலுமினியக் கலவையில் செய்தார்கள். பழைய ‘சீரிஸ்’ லேண்ட் ரோவரைப் புதுப்பிப்பவருக்கு வரமும் தலைவலியும் அதுதான். மேலே தகடு துருப்பிடிக்காமல் மினுக்கும்; அடியில் பெட்டி வடிவ எஃகு சேசிஸ், உள்ளே சேறும் ஈரமும் தங்கி, சத்தமில்லாமல் அரித்துப்போயிருக்கும். சுத்தியலால் தட்டிப் பார்த்தால் தெரியும்: நல்ல எஃகு கணீரென்று ஒலிக்கும், செத்தது பொத்தென்று உள்வாங்கும். இரண்டு உலோகமும் உரசும் இடத்தில் ஈரம் பட்டால் அலுமினியமே வெண்பொடியாய் உதிரும்.

அரித்த சேசிஸுக்குப் பதில் துத்தநாகம் பூசிய புது சேசிஸ் போடுவதைப் பற்றித் தூய்மைவாதிகள் முணுமுணுக்கலாம். எனக்கு அதில் குறையில்லை. ஓவர்டிரைவ் பொருத்தினால் நெடுஞ்சாலையில் எஞ்சினின் அலறல் குறையும். டிரம்முக்குப் பதில் டிஸ்க் பிரேக், உயிர் சம்பந்தப்பட்டது, தாராளமாக மாற்றலாம். தோல் இருக்கை, குரோம் அலங்காரமெல்லாம் வீண். வயலில் உழைக்கப் பிறந்த வண்டி அது. மட்கார்டில் விழுந்த பழைய நெளிவுகளை மட்டும் தயவுசெய்து தட்டி நிமிர்த்தாதீர்கள்.