வன்றொண்டரின் தயக்கம்

சேக்கிழார் பெருமான் 12-ஆம் நூற்றாண்டில் அருளிய பெரியபுராணத்துள் தடுத்தாட்கொண்ட புராணம் நாடகச் சுவை மிக்கது. புத்தூரில் மணப்பந்தர், மணமகன் திருநாவலூர் நம்பியாரூரர். முதிய வேதியர் ஒருவர் புகுந்து, இவன் எனக்கு வழியடிமை என்கிறார். நம்பியாரூரர் அவரைப் பித்தன் என்று இகழ்ந்து, அவர் கொணர்ந்த ஓலையைப் பறித்துக் கிழிக்கிறார். வழக்குத் திருவெண்ணெய்நல்லூர் அவையை அடைகிறது. கிழிந்தது படியோலையே, மூலவோலையில் உள்ள பாட்டனாரின் கையெழுத்து மெய் என்று அவையோர் காண்கின்றனர். தோற்ற நம்பியாரூரர் பின்தொடர, வேதியர் திருவருட்டுறைக் கோயிலுள் மறைந்து, இறைவனாகக் காட்சி தருகிறார்.

இவ்வழக்கைச் சுவைபடப் பேசுவோர் பலர். அதனையடுத்து வரும் தயக்கமே ஈண்டு நோக்கற்பாலது. தன்னைப் பாடுமாறு இறைவன் பணிக்க, எதனை அறிந்து என்ன சொல்லிப் பாடுவேன் என்று நம்பியாரூரர் உருகுகிறார். இதனை வெறும் அவையடக்கம் என்பது பொருந்தாது. அவையடக்கம் கற்றோர்முன் புலவன் காட்டும் மரபு. இவருடைய கூச்சத்துக்கோ காரணம் உண்டு. ஓலையைக் கிழித்த கையும் இகழ்ந்த வாயும் சற்றுமுன் இவருடையனவாகவே இருந்தன.

இறைவனின் விடை யாது? 'நீ தகுதியுடையவன்' என்று தேற்றவில்லை. நிகழ்ந்ததை மறைக்கவும் இல்லை. முன்பு பித்தன் என்றாயே, அவ்வாறே பாடு என்கிறான். வன்மை பேசியமையால் வன்றொண்டன் என்னும் பெயரும் கிடைக்கிறது.

விவிலியத்தின் யாத்திராகமத்திலும் மோசே தமக்கு நாவன்மை இல்லை என்று பின்வாங்குகிறார். அங்கே தமையன் ஆரோன் அவருக்காகப் பேசத் துணையாகிறார். இங்கே வைத சொல்லே பாட்டின் முதற்சொல்லாகத் திருப்பித் தரப்படுகிறது. குற்றவுணர்வு நீங்கிய பிறகு வா என்று இறைவன் காத்திருக்கவில்லை என்பதே சேக்கிழார் காட்டும் நுட்பம்.

அத்தயக்கம் ஒருமுறையோடு தீர்ந்ததா எனின், இல்லை. பின்னர்த் திருவாரூரில் அடியார்களைப் பாடப் பணித்தபோது, அவர்தம் பெருமையைப் பாட யான் யார் என்று மீண்டும் தயங்குகிறார். பல பதிகங்கள் பாடிய பின்னரும் அவ்வையம் எழுகிறது. இம்முறையும் இறைவனே முதலடி எடுத்துக் கொடுக்கிறான். அவ்வாறு பிறந்த திருத்தொண்டத்தொகையின் 11 பாடல்களே பிற்காலத்தில் பெரியபுராணத்துக்கு முதல்நூலாயின. தயங்கியவர் பாடாது விட்டிருப்பின், நாயன்மார் வரலாறு நமக்கு இவ்வடிவிற் கிட்டியிராது.

பேராக் மாநிலத்துத் தோட்டக் கோயில்களில் தேவாரம் பாட அழைத்தால், 'எனக்கு என்ன தகுதி?' என்று பின்வரிசைக்கு ஒதுங்குவோர் உண்டு. அவர்களின் பணிவைக் குறை கூறுதல் தகாது. ஆயினும் வன்றொண்டர் தயங்கியதை மட்டும் கொண்டு, தயங்கியபடியே பாடியதை விட்டுவிடுதல் புராணத்தைப் பாதி படித்ததாகவே முடியும்.