கியாரி நோயும் சிகிச்சை மரபுகளும்

சரவெடி பின்னிப் பழகிய விரல்களுக்குத் திரியின் சொரசொரப்பும் தாளின் வழுவழுப்பும் கண்ணை மூடினாலும் தெரியும். எங்கள் தாயில்பட்டியில் அத்தகைய விரல்கள் படைத்த அம்மா ஒருவர், கொதிக்கிற சோற்றுப்பானையை வெறும் வலக்கையால் பிடித்து இறக்கிவிட்டு, கொப்புளம் எழும்பிய பிறகே கை வெந்ததை அறிந்தார். தொட்டால் தெரிந்தது, சூடு மட்டும் தெரியவில்லை. இருமினால் பிடரியில் பளீரென்று வலிக்கும். அதைச் சுளுக்கு என்று எண்ணிப் பல ஆண்டுகள் எண்ணெய் தேய்த்து வந்தார்.

மதுரையில் எடுத்த ஸ்கேன் படத்தில், சிறுமூளையின் அடிநுனிகள் மண்டையோட்டின் பெருந்துளை வழியே கழுத்துக்குள் இறங்கி ஆப்பைப் போல் நின்றன; கீழே தண்டுவடத்தின் நடுவில் நீர் தேங்கிய குழல் ஒன்று. சூட்டையும் வலியையும் சுமக்கும் நரம்பிழைகள் அந்த நடுப்பகுதியைக் குறுக்கே கடந்து செல்வதால், அங்கே வீங்கும் நீர்க்குழல் முதலில் அவற்றையே அறுக்கிறது; பின்புறமாக ஏறும் தொடுவுணர்வின் பாதை தப்பிவிடுகிறது. 1891-இல் ஹான்ஸ் கியாரி இந்த அமைப்புக் கோளாற்றை விவரித்தார். பிறவியிலேயே அமைந்தது, நாற்பது வயதுவரை மௌனமாய் இருப்பதும் உண்டு.

நம் தேசத்தில் 1949-இல் வேலூரில் ஜேக்கப் சாண்டியும், 1950-இல் சென்னை ஜெனரல் ஆஸ்பத்திரியில் பி. ராமமூர்த்தியும் மூளை ரண சிகிச்சைக்குக் கால்கோள் செய்தார்கள். அக்காலத்தில் அமெரிக்காவின் கார்ட்னர், மூளையின் நீரறையிலிருந்து நாடித்துடிப்போடு நீர் தண்டுவடத்துக்குள் தள்ளப்படுகிறது என்று கருதி, அந்த வழியின் வாயைத் தசைத்துண்டால் அடைத்தார். அடைப்பு வழக்கொழிந்தது, பெருந்துளையின் பின்விளிம்பையும் முதல் கழுத்தெலும்பின் பின்வளைவையும் எடுத்து இடம் கொடுக்கும் முறை நிலைத்தது.

இம்மரபுக்குள்ளேயே ஒரு பிணக்கு நெடுங்காலமாய் இருக்கிறது. எலும்பை மட்டும் எடுத்து மூளையுறையைத் திறவாமல் விட்டால் நீர்க்கசிவும் தொற்றும் குறைவு, ஆனால் மறுபடி அறுக்க நேர்வது அதிகம்; உறையைத் திறந்து, நோயாளியின் மண்டையோட்டுத் தோலடியிலிருந்தே எடுத்த மெல்லிய சவ்வை ஒட்டுப்போட்டு அகலப்படுத்தினால் நீரோட்டம் நன்றாய்த் திறக்கும், கசிவின் அபாயம் கூடும். தண்டுவடத்தில் நீர்க்குழல் வளர்ந்துவிட்டவருக்கு இரண்டாவது முறையே தகும் என்பது என் துணிபு. இழந்த உணர்ச்சி காத்திருந்தால் வருவதன்று.



மூன்றாவது மரபு நம் மண்ணில் விளைந்தது. பம்பாய் கே.ஈ.எம். ஆஸ்பத்திரியின் அதுல் கோயல், முதல் இரண்டு கழுத்தெலும்புகளைத் தகடும் திருகும் கொண்டு பிணைக்கும் முறையை 1994-இல் வெளியிட்டார். 2015-இல், சிறுமூளை இறங்குவது நோயன்று, தளர்ந்த மூட்டின் விளைவே என்று வாதித்து, அறுபத்தைந்து நோயாளிகளை அவ்வாறே பிணைத்த அனுபவத்தையும் எழுதினார். காரியத்தைக் காரணமென்று எல்லோரும் நம்பியிருந்த இடத்தில் மூட்டைப் பார் என்று சொன்னது பெருஞ்சாதனை. மூட்டு உண்மையிலேயே தளர்ந்தவர்களுக்கு அது உயிர்காக்கும் வழி. ஆயினும் தலையைத் திருப்புவதில் ஏறக்குறைய பாதி அந்த ஒரு மூட்டில் நடைபெறுவதால், மூட்டு உறுதியாய் நிற்பவருக்கும் திருகு போடும் கட்சியை நான் ஏற்கவில்லை. தலையில் குடம் வைத்து நடக்கும் பெண்ணுக்கு அந்தப் பாதி அற்பமன்று. ஆகையால் கழுத்தைக் குனியவும் நிமிரவும் செய்து எடுக்கும் எக்ஸ்ரேயே, எந்த மரபைச் சேர்ந்த வைத்தியருக்கும் முதற்பிரமாணமாய் இருக்க வேண்டும்.

எங்கள் ஊர் அம்மாவுக்கு அப்படி எடுத்துப் பார்த்ததில் மூட்டு அசையவில்லை; சவ்வு ஒட்டி அகலப்படுத்தினார்கள். இருமல் வலி சில வாரங்களில் போயிற்று. அடுத்த ஆண்டுப் படத்தில் நீர்க்குழல் நூல்போல் மெலிந்திருந்தது. வலக்கைக்குச் சூடு இன்னும் சரியாய்த் தெரியவில்லை. பானையை இறக்குமுன் இடக்கையால் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் பிடிதுணியை எடுக்கிறார்.