லிப்ரெட்டோ: வெட்டியதும் தப்பியதும்

ஆபெராவில் லிப்ரெட்டோ, அதாவது பாட்டுப் பிரதி, இசையை மாட்டி வைக்கிற ஆணி மட்டும்தானா? பொமார்ஷேயின் ஃபிகாரோ நாடகத்தை வியன்னாவில் நடிக்க 1785இல் பேரரசர் இரண்டாம் ஜோசப் தடை போட்டார். மோட்ஸார்ட்டுக்காக லொரென்ஸோ த பொந்தே அதை இத்தாலியப் பிரதியாக்கினார். 1786 மே 1இல் அதே வியன்னாவில் ஆபெராவாக அரங்கேறியது.

பிரபுக்களின் பிறப்புச் சலுகையை வேலைக்காரன் ஃபிகாரோ கிழித்துப் போடும் நீண்ட தனிமொழி காணாமல் போனது. அந்த இடத்தில் பெண்களைத் திட்டும் பாட்டு. சமரசம்தான், சந்தேகமில்லை. ஆனால் முதல் அங்கத்தில், பிரபுவைத் தன் வாசிப்புக்கு ஆட வைப்பேன் என்று ஃபிகாரோ பாடுகிறான். மோட்ஸார்ட் அதற்குக் கொடுத்தது மினுவெட் நடை, பிரபுக்களே ஆடும் நடனம். ‘ஆட்டம்’ என்ற சொல்லைப் பிரதி தராமல் இந்த எள்ளல் இசைக்கு எங்கிருந்து வரும்?

தணிக்கைக்கு எது தப்பியது என்று கொண்டாடுகிறோம். சரி, யாரைப் பலிகொடுத்துத் தப்பியது என்றும் கேட்கணும்.