உராய்வு என்னும் எழுவாய்

ஏழாயிரம்பண்ணை என்ற ஊரின் பெயரை வெளியூர்க்காரர்கள் பெரும்பாலும் ஒரே வாக்கியத்தில்தான் வாசித்திருப்பார்கள்: ‘ஏழாயிரம்பண்ணை போலீசார் வழக்குப் பதிவு செய்து விசாரித்து வருகின்றனர்.’ ஒரு காலத்தில் இது பாளையம். கட்டபொம்மன் பக்கம் நின்றதற்காக 1799-இல் கும்பினி பறித்துக்கொண்ட பாளையங்களில் ஒன்று. அதெல்லாம் சரித்திரப் பாடம். இப்போது அந்தப் பெயர் தினசரியின் மாவட்டப் பக்கத்தில், வெடிவிபத்துச் செய்தியின் கடைசி வரியாகத்தான் வந்துகொண்டிருக்கிறது.

அந்தச் செய்தியை ஒரு பிரதியாக எடுத்துக்கொண்டு வாசித்துப் பார்க்கலாம் என்பதே இங்கு நோக்கம். பிணவறை வாசலில் நின்றுகொண்டு இலக்கணம் பேசுவதா என்று தோழர்கள் முகம் சுளிக்கக்கூடும். பேசத்தான் வேண்டியிருக்கிறது. பொறுப்பிலிருந்து நழுவுகிற வேலை, வக்கீல் வருவதற்கு முன்பே வாக்கியத்தில் தொடங்கிவிடுகிறது.

செய்தியின் வார்ப்பு மாறுவதே இல்லை. ‘மருந்து கலக்கும்போது ஏற்பட்ட உராய்வு காரணமாக வெடிவிபத்து ஏற்பட்டது. இதில் இத்தனை பேர் உடல் கருகி உயிரிழந்தனர்.’ ஊர், தேதி, எண்ணிக்கை மூன்றையும் மாற்றினால் போதும், அடுத்த செய்தி தயார். விபத்து ‘ஏற்படுகிறது’, ஆட்கள் ‘உயிரிழக்கிறார்கள்’. எல்லாம் தன்வினை. உயிரை இழந்ததுகூட செத்தவர் தானாகச் செய்துகொண்ட காரியம் போலத்தான் தொனிக்கிறது. மொத்த நிகழ்வுக்கும் காரணகர்த்தாவாக உராய்வு நிற்கிறது. உராய்வுக்கு விலங்கு மாட்ட முடியாது.

தொல்காப்பியம் வேற்றுமை மயங்கியலில் ஒரு தொழில் நடப்பதற்கு எட்டு முதனிலைகளைச் சொல்கிறது. வினை, அதைச் செய்வது, செயப்படுபொருள், நிலம், காலம், கருவி, இன்னாருக்காக, இன்ன பயனுக்காக. தமிழ் படித்தவர்கள் எல்லாம் குடம் வனைகிற உதாரணத்தோடு மனப்பாடம் செய்த சமாச்சாரம்தான். குடத்தைக் கீழே வைத்துவிட்டு இதைப் பட்டாசுச் செய்திக்குப் பொருத்திப் பார்த்தால், நிலம் இருக்கிறது, காலம் இருக்கிறது, கருவியாக உராய்வு இருக்கிறது, செயப்படுபொருளாக உடல்கள் இருக்கின்றன. செய்வது இல்லை. இன்னாருக்காக, இன்ன பயனுக்காக என்ற கடைசி இரண்டும் மருந்துக்குக்கூட இல்லை.

2021 பிப்ரவரி 12 அன்று ஏழாயிரம்பண்ணையை அடுத்த அச்சன்குளத்தில் நடந்ததை இந்த எட்டோடு சேர்த்து வைத்துப் பார்க்கலாம். 20 பேருக்கு மேல் இறந்தார்கள். ஆலைக்கு உரிமம் இருந்தது. உரிமம் ஒருவர் பெயரில், அறைகளோ குத்தகைக்கும் உள்குத்தகைக்கும் விடப்பட்டுப் பலர் கையில். உரிமக்காரருக்கு வாடகை வந்துவிடுகிறது. அறையை எடுத்தவர் போட்ட பணத்தைச் சீசனுக்குள் எடுத்தாக வேண்டும். அதற்கு ஒரே வழி, அறைக்குள் ஆளைக் கூட்டுவது. அறை போதாவிட்டால் வேப்பமரத்தடியில் உட்காரவைப்பது. ‘மரத்தடியில் வைத்துப் பட்டாசு தயாரித்தவர் மீது வழக்கு’ என்ற செய்தியை இந்தப் பக்கத்துத் தினசரிகளில் பார்க்காத மாதம் குறைவு. ஆக, உராய்வுக்குப் பின்னால் ஒரு ஏணி நிற்கிறது. மேல்படியில் இருப்பவருக்குக் கீழ்ப்படியில் யார் மருந்து அள்ளுகிறார்கள் என்று தெரியாது. தெரியவேண்டாம் என்பதற்காகத்தான் ஏணி. கைதாகி வருவது பெரும்பாலும் போர்மேன், இல்லையென்றால் குத்தகைக்காரர். கவனக்குறைவால் மரணம் என்று 304-ஏ பிரிவில் போட்டால் பழைய தண்டனைச் சட்டத்தில் உச்சமே 2 ஆண்டு. 2024 ஜூலையில் வந்த புதிய சட்டம் அதை 5 ஆண்டாக்கியிருக்கிறது. யாருடைய கவனக்குறைவு என்ற கேள்வி அப்படியேதான் கிடக்கிறது.

ரோலான் பார்த் 1960-களில் செய்தித்துணுக்கின் அமைப்பைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். அரசியல் கொலை வாசகனை அந்தச் செய்திக்கு வெளியே, ஏற்கெனவே உள்ள ஒரு சூழலுக்குக் கூட்டிப்போகும். துணுக்குச் செய்தி அப்படியல்ல, அது தனக்குள்ளேயே முழுமை, புரிந்துகொள்ள வெளியிலிருந்து எதுவும் வேண்டியதில்லை என்கிறார். பட்டாசுச் சாவு எப்போதும் துணுக்காகத்தான் எழுதப்படுகிறது. 1991 மீனம்பட்டி, 2012 முதலிப்பட்டி, 2021 அச்சன்குளம், 2023 ரெங்கபாளையம், 2024 செங்கமலப்பட்டி, 2025 சின்னக்காமன்பட்டி என்று வரிசையாக எழுதினால் துணுக்கு உடைகிறது. ஒவ்வொரு செய்தியும் முந்தையதை மறந்துவிட்டுத்தான் தொடங்கும். முதலிப்பட்டியில் 38 பேர். அதில் கணிசமானவர்கள் அந்த ஆலையின் தொழிலாளிகளே அல்ல, புகையைப் பார்த்துக் காப்பாற்ற ஓடிவந்த பக்கத்து ஆட்கள். உரிமம் முந்தின நாள்தான் நிறுத்திவைக்கப்பட்டிருந்தது. காகிதத்தில் அந்த ஆலை அன்றைக்கு ஓடவில்லை. ஓடாத ஆலையில் 38 சாவு.

இந்த வட்டாரத்தில் யாரும் ஆலை, தொழிற்சாலை என்றெல்லாம் சொல்வதில்லை. ‘ஆபீசு’ என்பார்கள். தீப்பெட்டியாபீசு, பயராபீசு. ‘அவ பயராபீசுக்குப் போறா’ என்றால் பட்டாசு வேலைக்குப் போகிறாள் என்று அர்த்தம். மானாவாரிக் கரிசலில் மழையை நம்பிக் காய்ந்துபோன சனத்துக்கு வெயில் படாமல் உட்கார்ந்து செய்கிற வேலை ஆபீசாகத் தெரிந்ததில் ஆச்சரியமில்லை. காட்டு வேலையிலிருந்து தப்பித்த மரியாதை அந்தச் சொல்லில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. உள்ளே கலக்கிற பொருளுக்குப் பெயர் மருந்து. வெடியுப்பு, கந்தகம், அலுமினியப் பவுடர் சேர்ந்தால் மருந்து. ‘மருந்து வேல’, ‘மணி மருந்து’, ‘மருந்து செலுத்துறது’. கொல்லக்கூடியதற்கு மருந்து என்று பெயர் வைத்த மொழியைக் கட்டுடைக்க நாம் பிரான்சுக்கெல்லாம் போகவேண்டியதில்லை.

விதி என்ன சொல்கிறது என்பதையும் பார்க்கவேண்டும். வெடிபொருள் விதிகள் 2008 என்று ஒன்று இருக்கிறது. உற்பத்தி அறைக்கு 4 பேருக்கு மேல் கூடாது. மருந்து கலக்கிற இடத்தில் அதிலும் குறைவு. அறைக்கும் அறைக்கும் இடைவெளி, எதிரெதிர் வாசல்கள், தரையில் ரப்பர் விரிப்பு, இரும்புக் கருவி கூடாது, பருத்தித் துணிதான் உடுத்த வேண்டும், உடம்பில் தேங்கிய நிலைமின்சாரத்தை மண்ணில் இறக்க வாசலில் உலோகத் தகடு. கலந்த மருந்தை மறுநாளைக்கு மிச்சம் வைக்கக் கூடாது. ஈரக்காற்றுப் பட்ட அலுமினியக் கலவை தானாகவே சூடேறும். இதில் ஒன்றுகூட அர்த்தமில்லாத விதி அல்ல. நான்கு பேர் என்பதற்கு ஒரே அர்த்தம்தான்: வெடித்தால் நான்கோடு போகட்டும். ஒவ்வொரு விதியும் ஒரு பழைய சாவைப் பார்த்துவிட்டு எழுதப்பட்ட மாதிரிதான் இருக்கிறது.

ஆனால் கூலி பீஸ் ரேட். எண்ணிக்கைக்குத்தான் காசு. பீஸ் ரேட்டில் வேலை செய்கிறவள் தரையைத் துடைக்கிற நேரத்துக்கும், தகட்டைத் தொட்டுவிட்டு வருகிற நேரத்துக்கும், மிச்ச மருந்தை அப்புறப்படுத்துகிற நேரத்துக்கும் கூலி கிடையாது. பாதுகாப்புக்கு ஆகிற நிமிஷங்களை அவள் தன் கைக்காசிலிருந்து கொடுக்கவேண்டும். முன்பணமும் வாங்கியிருப்பாள். பிறகு வெடித்தால் ‘தொழிலாளரின் அஜாக்கிரதை’ என்று அறிக்கை வரும். விழிப்புணர்வு முகாம்களிலும் ‘கவனமாக வேலை செய்யுங்கள்’ என்கிற உபதேசமே பிரதானமாக ஒலிக்கிறது. கூலி முறையைத் தொடாமல் கவனத்தைப் பற்றிப் பேசுகிற பாதுகாப்புச் சொல்லாடல், செத்தவரையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகிறது.

சாவுக்குப் பின்னால் நடப்பதற்கும் ஒரு மொழி இருக்கிறது. இந்தச் சீமையில் செத்தவருக்கு நீர்மாலை எடுப்பார்கள், குளிப்பாட்டுவார்கள், கோடி போடுவார்கள். பயராபீசுச் சாவில் இது எதுவும் வாய்ப்பதில்லை. முகம் பார்க்க முடியாதபடி பொட்டலமாகக் கட்டிக் கொடுக்கப்படுகிற உடம்பை யார் குளிப்பாட்டுவது? யாருடைய உடம்பு என்பதற்கே சில நேரம் ரத்தப் பரிசோதனை வரை போகவேண்டியிருக்கிறது. சடங்கு இல்லாத துக்கத்துக்குக் கிடைத்த ஒரே வடிவம், உடலை வாங்க மறுப்பது. அரசு ஆஸ்பத்திரி வாசலில் மறியல், தாசில்தார் பேச்சுவார்த்தை, பிறகு சம்மதம். இதைப் பண ஆசை என்று பேசுகிற நடுத்தர வர்க்க வாய்களை நாம் கேட்டிருக்கிறோம். உயிரோடு இருந்தவரை பேரம் பேச எந்தச் சக்தியும் இல்லாத குடும்பத்துக்கு, அந்த உடம்பு பிணவறையில் கிடக்கிற இரண்டு நாள் மட்டும்தான் அரசும் முதலாளியும் எதிரே வந்து உட்காருகிறார்கள். அதோடு, ஒப்பாரியில் செத்தவரை முன்னிலையில் நிறுத்திக் கேள்வி கேட்கிற மரபு நம் பெண்களுக்கு உண்டு. ஆஸ்பத்திரி வாசலில் அதே முன்னிலை கலெக்டரை நோக்கித் திரும்புகிறது.

கிடைப்பதற்குப் பெயர் நிவாரணம். அச்சன்குளத்துக்கு மாநில அரசு 3 லட்சம், பிரதமர் நிதியிலிருந்து 2 லட்சம். நிவாரணம் என்பது கொடுப்பவரின் கருணை. இழப்பீடு என்பது வாங்குபவரின் உரிமை. 1923-இலேயே தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் வந்துவிட்டது. ஆனால் வருகைப் பதிவேட்டில் பெயர் இல்லாத உள்குத்தகைக் கூலிக்காரி அந்த உரிமையை எந்தக் காகிதத்தைக் காட்டிக் கேட்பாள்? அச்சன்குளம் விஷயத்தில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் பத்திரிகைச் செய்தியைப் பார்த்துத் தானாக வழக்கெடுத்து, ஓய்வுபெற்ற நீதிபதி கே. கண்ணன் தலைமையில் குழு அமைத்து, இறந்தவர் ஒருவருக்கு 20 லட்சம் என்று உத்தரவிட்டது. 30 ஆண்டுக்கு முன்னால் மீனம்பட்டியில் 39 பேர் இறந்தபோது உச்சநீதிமன்றமும் இதேபோலத்தான் தானாக முன்வந்தது. இடைப்பட்ட தொழிலாளர் துறை, ஆய்வாளர்கள் எல்லாம் எங்கே இருந்தார்கள் என்று துணுக்குச் செய்தி கேட்காது. 2024 நவம்பரில் விருதுநகர் வந்த முதலமைச்சர், பட்டாசு விபத்தில் இறந்தவர்களின் பிள்ளைகளுடைய படிப்புச் செலவை அரசே ஏற்கும் என்று அறிவித்தார். தேவையான திட்டம், சந்தேகமில்லை. இனி இறக்கப்போகிறவர்களையும் அது கணக்கில் வைத்திருக்கிறது என்பதையும் சேர்த்தே வாசிக்கவேண்டும்.

இனி நம் பக்கத்துக்கு வரலாம். கரிசல் எழுத்து இந்த நெருப்பை எப்படி எழுதியது? ராஜம் கிருஷ்ணனின் ‘கூட்டுக்குஞ்சுகள்’, சலம் பென்னூர்கர் 1990-இல் எடுத்த ‘குட்டி ஜப்பானின் குழந்தைகள்’, பூமணி இயக்கிய ‘கருவேலம்பூக்கள்’. மூன்றும் முக்கியமான காரியங்கள். மூன்றிலும் மையம் குழந்தை. விடியுமுன் பஸ்ஸில் அள்ளிப்போகப்படும் பிள்ளை என்ற பிம்பம் நம் மனசில் ஆணியடித்தாற்போல் நின்றுவிட்டது. 1996 டிசம்பரில் எம்.சி. மேத்தா வழக்கில் வந்த தீர்ப்பும் குழந்தை ஒருவருக்கு முதலாளி 20,000 ரூபாய் கட்டவேண்டும் என்றது. அந்தப் பிம்பம் இல்லாமல் அந்தத் தீர்ப்புக்கான மனநிலை உருவாகியிருக்காது.

ஆனால் குழந்தை ஆபீசை விட்டு வெளியே வந்ததும் நம் கதை முடிந்துவிட்டது. 1990-இல் பத்து வயதுப் பிள்ளைக்கு 2021-இல் நாற்பத்தோரு வயது. அந்த நாற்பது வயதுப் பெண்ணைப் பற்றி நம்மிடம் என்ன பிரதி இருக்கிறது? அவள் அப்பாவி அல்ல, தெரிந்தேதான் போகிறாள் என்பதால் நம் இரக்கத்துக்கு உகந்த பாத்திரமாக அவள் அமையவில்லையோ என்னவோ. மருந்தின் பதம், வாசனை, சூடு எல்லாம் அவளுக்குத் தெரியும். அந்தத் தொழிலறிவை எழுதிய ஒரு பெரிய நாவல் தமிழில் இல்லை என்பது என் வாசிப்பு. முற்போக்கு நண்பர்கள் மறுத்தால் பட்டியல் தரட்டும், சந்தோஷமாக வாசிக்கிறேன்.

2015-இல் டில்லிக் கைக்குழந்தைகள் பெயரில் பட்டாசுக்கு எதிராகத் தொடங்கிய வழக்கிலும், 2018-இல் பேரியத்தைத் தடைசெய்த தீர்ப்பையொட்டி எழுந்த கூச்சலிலும் இவள் காணாமல்தான் போனாள். ஒரு தரப்பு நுரையீரலைப் பற்றிப் பேசியது. மறுதரப்பு எட்டு லட்சம் பேர் வாழ்வாதாரம் என்று பேனர் கட்டியது. வாழ்வாதாரம் என்ற கணக்கில் அவள் ஒரு எண். அந்த வாழ்வாதாரம் வெடிக்கும் என்பதை இரு தரப்பும் மேடையில் அழுத்திச் சொல்லவில்லை. 2013-இல் டாக்காவில் ராணா பிளாசா இடிந்து 1,134 பேர் மாண்டபோது, இடிபாட்டில் கிடந்த சட்டை லேபிள்களைத் தூக்கிக் காட்டித்தான் வெளிநாட்டுக் கம்பெனிகளை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடவைத்தார்கள். ‘இன்னாருக்காக’ என்பதை லேபிள் சொன்னது. நம் பெட்டிகளில் சாமிப் படமும் சிரிக்கிற குழந்தையும். வாங்குகிறவர்கள் நாமேதான்.

போபாலுக்குப் பிறகு, 1987-இல், தொழிற்சாலைச் சட்டத்தில் 41-எச் என்று ஒரு பிரிவைச் சேர்த்தார்கள். அபாயகரமான செய்முறையில் இருக்கிற தொழிலாளி, உடனடி ஆபத்து என்று பட்டால் நிர்வாகத்தை எச்சரிக்கலாம், ஆய்வாளருக்கும் சொல்லலாம் என்றது அது. அந்தச் சட்டத்தின் இடத்தில் 2025 நவம்பரில் புதிய தொகுப்புச் சட்டம் வந்தாகிவிட்டது. பெயர் மாறினாலும் கேள்வி மாறவில்லை. ஏழாயிரம்பண்ணைப் பக்கம் ஏதோ ஒரு அறையில் ஒரு பெண் ‘மருந்து சூடா இருக்குண்ணே, இன்னைக்கு வேண்டாம்’ என்று போர்மேனிடம் சொல்லிவிட்டு வெளியே வந்து மரத்தடியில் உட்காருகிறாள் என்று வைத்துக்கொள்வோம். அன்றைய கூலி அவளுக்கு உண்டா? யார் தருவது, உரிமக்காரரா, குத்தகைக்காரரா, உள்குத்தகைக்காரரா? மறுநாள் ஆபீசு வேன் அவள் தெருவில் நிற்குமா?