விளிம்பு திரும்பியது, நாற்றம் போகவில்லை

டயர் குரூவரை வாங்குகிறவர் முதலில் தெரிந்துகொள்ளும் சங்கதி அதன் பெட்டியில் அச்சாகியிருக்காது. அது நாற்றம். ரப்பர் கருகும் அந்த வாடை சட்டையில் ஏறும், தலைமுடியில் ஏறும், வீட்டுக்குள் நுழைந்துவிட்டால் திரைச்சீலையில் குடியேறிவிடும். பினாங்கு ஜார்ஜ் டவுனின் பழைய கடைவீடுகள் சுவரோடு சுவர் ஒட்டியவை. முன்னால் ஐந்தடி நடைபாதை, பின்னால் ஒடுங்கிய சந்து. அந்தச் சந்தில் உட்கார்ந்து ஒரு பின் டயரைச் செதுக்கத் தொடங்கினால் கொஞ்ச நேரத்தில் அக்கம்பக்கத்துச் சன்னல்கள் ஒவ்வொன்றாகச் சாத்தப்படும். சில வாரம் இந்தக் கருவியோடு குடித்தனம் நடத்திய விமர்சகருக்கு அதன் வேலையைவிட அதன் வாடைதான் அதிகம் நினைவிருக்கிறது என்பதை முதலிலேயே சொல்லிவிடுவது நியாயம்.

கருவி என்னவோ எளிமையானது. கைப்பிடி, அதன் முனையில் இரண்டு திருகு, திருகுகளுக்கு நடுவே U வடிவில் வளைந்த சின்னத் தகடு. குறைந்த மின்னழுத்தத்தில் அதிக மின்னோட்டம் தகடு வழியாகப் பாய்கிறது, தகடு சுடுகிறது, ரப்பர் வெட்டுப்படுகிறது. வாட் கணக்கெல்லாம் பெட்டியிலேயே இருக்கிறது. இது லாரிப் பட்டறைகளிலிருந்து வந்த சாமான். தேய்ந்த லாரி டயரில் காடியை இன்னும் ஆழமாக வெட்டி ஆயுளை நீட்டப் பயன்படுவது. அப்படி வெட்ட இடம்கொடுத்துத் தயாரித்த டயர்களின் பக்கச்சுவரில் ‘ரீகுரூவபிள்’ என்று பொறித்திருப்பார்கள். ஜெர்மனியின் ரில்ஃபிட் இந்தத் துறையில் பழைய பெயர். இங்கே சோதனைக்கு வந்தது அதுவல்ல. இணையத்தில் இருநூறு மலேசிய வெள்ளிக்குக் கீழே கிடைக்கும், கையேட்டில் ஒரு வாக்கியம்கூட முழுதாகப் புரியாத, ஊர் பேர் தெரியாத ஒன்று.

லாரிக்கான சாமானை டர்ட் பைக்காரர்கள் ஏன் தூக்கிக்கொண்டு அலைகிறார்கள்? ரப்பர் முட்டுகள் துருத்தி நிற்கும் பட்டன் டயருக்கு உயிர் அதன் உயரத்தில் இருப்பதாகப் பலரும் நினைக்கிறார்கள். பாதி உண்மைதான். மண்ணைக் கவ்வுவது பட்டனின் விளிம்பு. புது டயரில் அது செங்கல் ஓரம்போல் நேராக நிற்கும். அந்த ஓரம் மழுங்கி உருண்டையாகிவிட்டால், பட்டன் இன்னும் விரல் பருமன் உயரம் இருந்தாலும் மண்மேல் வழுக்கிக்கொண்டு ஓடும். மோட்டோகிராஸ் பின் டயர்கள் புதிதில் 16, 17 மில்லிமீட்டர் பட்டனோடு வருவது சாதாரணம். எண்டியூரோ போட்டிகளில் சர்வதேச மோட்டார் சைக்கிள் சம்மேளனமான எஃப்.ஐ.எம்.மின் விதி 13 மில்லிமீட்டருக்கு மேல் அனுமதிப்பதில்லை. 13-ஐ வைத்துக்கொண்டு உலகப் போட்டியே ஓட்டுகிறார்கள் என்றால், பட்டன் நாலு மில்லிமீட்டர் தேய்ந்ததற்கே ஒரு டயரைக் குப்பைக்கு அனுப்புவது அநியாயச் செலவு.

பினாங்கில் அந்த விளிம்பைக் கொல்பவை இரண்டு. ஒன்று மலை. பாலிக் புலாவ் பக்கத்து டுரியான் தோப்புகளுக்கு ஏறும் பாதைகள் முதலில் செங்குத்தான சிமெண்ட், அப்புறம் மழையில் சோப்பாகிவிடும் செம்மண், நடுநடுவே கருங்கல் சரளை. தீவின் மலைகள் கிரானைட்டால் ஆனவை. அந்தச் சரளை அரம்போல் ராவும். தோப்புக்காரர்கள் கப்சாய் என்னும் சின்ன மோட்டார் சைக்கிளில் பட்டன் டயரை மாட்டிக்கொண்டு கூடையோடு இறங்கி வருவதைப் பார்த்தால், பல ஆயிரம் வெள்ளி பைக்கில் வந்து திணறுகிறவருக்குக் கொஞ்சம் வெட்கமாகத்தான் இருக்கும்.

இன்னொரு கொலையாளி பாலம். மலையைவிட இதுதான் மோசம். பினாங்கு மலை 2021-ல் யுனெஸ்கோவின் உயிர்க்கோளக் காப்பகமானது, எஞ்சினை உறுமவிடுவதற்கு அது இடமல்ல. ஆகவே நிறையப் பேர் பாலத்தைத் தாண்டி அக்கரையிலுள்ள செபராங் பிறையின் செம்பனைத் தோட்டப் பாதைகளைத் தேடிப் போகிறார்கள். 1985-ல் திறந்த முதல் பாலம் 13.5 கிலோமீட்டர். 2014-ல் திறந்த இரண்டாவது 24 கிலோமீட்டர். 2019 ஜனவரியிலிருந்து இரண்டிலும் மோட்டார் சைக்கிளுக்குக் கட்டணமில்லை, அதனால் வேனில் ஏற்றிப் போகச் சோம்பல்படுகிறவர்கள் பைக்கை ஓட்டிக்கொண்டே கடக்கிறார்கள். வெயிலில் கொதிக்கும் சாலையில், மண்ணுக்கென்று காற்றைக் குறைத்து வைத்த டயரில், போக வர நேர்கோட்டு ஓட்டம். நடு வரிசைப் பட்டன்கள் தட்டையாகிப்போக வேறென்ன வேண்டும்? சாலைக்கு இருபது பி.எஸ்.ஐ.க்கு மேல் காற்று, மண்ணுக்குப் பன்னிரண்டு பதின்மூன்று. சின்னக் கைப்பம்பு ஒன்று பையில் இருந்தால் இந்தக் கருவியே தேவைப்படாமல் போகலாம்.

கருவி தேவைப்படாமல் போக இன்னொரு வழியும் உண்டு. விற்கிறவர் அதைச் சொல்லமாட்டார், நல்ல பட்டறைக்காரர் வாயைத் திறந்ததும் சொல்லிவிடுவார். டயரைக் கழற்றித் திருப்பிப் போடுவது. திராட்டலைத் திருகும்போது பின் டயரின் பட்டன் மண்ணைப் பின்னால் தள்ளுகிறது. அதனால் தரையை முதலில் தொடும் விளிம்புதான் மழுங்கும், எதிர்ப்புற விளிம்பு பெரும்பாலும் புதிதாகவே இருக்கும். முன் டயரில் வேலை பிரேக்குடையது, அங்கே தேய்மானம் தலைகீழ். சக்கரத்தையே திருப்பி மாட்ட முடியாது, ஒரு பக்கம் பல்சக்கரமும் மறுபக்கம் டிஸ்க்கும் இருக்கின்றன. ரிம்மிலிருந்து டயரைக் கழற்றி இடவலம் மாற்றிப் போட வேண்டும். சோப்புத் தண்ணீர், மூன்று லீவர், ரிம் லாக்கைத் தளர்த்த மறக்காத புத்தி, கொஞ்சம் கெட்ட வார்த்தை. செலவு பூஜ்யம்.

பக்கச்சுவரில் அம்புக்குறி இருக்கிறதே என்பார்கள். அது சும்மா போட்ட குறியல்ல. பட்டன்களின் சாய்வு, அடிப்பட்டையின் இணைப்பு இரண்டுமே ஒரு திசையை மனதில் வைத்துச் செய்யப்பட்டவை. நம்பர் பிளேட்டோடு சாலையில் ஓடும் வண்டியில் அம்புக்கு எதிராகப் போடக்கூடாது. தோப்பிலும் தோட்டத்திலும் மட்டும் உழலும் வண்டியில், மெதுவான வேகத்தில், பின் டயரைத் திருப்பி ஓட்டுவது உலகம் முழுக்கப் பழைய வழக்கம். சோதனை வண்டியும் அப்படிப்பட்ட ஒன்றுதான், 21 அங்குல முன் சக்கரமும் 18 அங்குலப் பின் சக்கரமும் கொண்ட 150 சி.சி. கவாசாகி. திருப்பிப் போட்ட அன்றே ஏற்றத்தில் பின் சக்கரம் வெட்டியாகச் சுழல்வது பாதி குறைந்ததுபோல் இருந்தது.

திருப்பிப் போட்டதும் தேய்ந்து, இரண்டு பக்க விளிம்பும் போன பிறகுதான் குரூவருக்கு வேலை வருகிறது. லாரிக்குச் செய்வதும் இதுவும் ஒன்றல்ல. காடியை ஆழப்படுத்தப் போனால் பட்டன்களுக்கு இடையே உள்ள மெல்லிய ரப்பர் போய் உள்ளிருக்கும் நூலடுக்கு வெளியே வரும், அத்தோடு டயரின் கதை முடிந்தது. அடியைத் தொடவே கூடாது. பட்டனின் உருண்ட முகத்தை மட்டும் இரண்டு மூன்று மில்லிமீட்டர் செங்குத்தாகச் சீவி எடுக்க வேண்டும். ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர்கள் வீட்டில் இருந்தால் அவர்கள் கையில் கொடுத்துவிடலாம். பட்டையைப் படலமாகச் சீவி மரத்தைக் காயப்படுத்தாமல் விடும் அந்தக் கை இதற்கென்றே பழகியது.

நன்றாகச் சூடேறிய தகடு இறங்கும்போது கிடைக்கும் சுகம் தனி. கறுப்பு ரப்பர் நாடாவாகச் சுருண்டு விழும், கீழே பளபளவென்று புது முகம். ஆனால் அந்தச் சூட்டைப் பிடித்து வைப்பதுதான் இந்தக் கருவியோடு நடக்கும் ஓயாத சண்டை. தகடு ரப்பருக்குள் ஓடிக்கொண்டிருக்கும்வரை ரப்பரே அதைக் குளிர்விக்கிறது. அடுத்த பட்டனுக்கு நகரும் அந்த இடைவெளியில் விசையை விடாவிட்டால் தகடு சிவந்து தளர்ந்துவிடும். தளர்ந்த தகடு அடுத்த பட்டனில் கோணலாக இறங்கும். சூட்டில் திருகுகளும் தளரும், இறுக்கலாமென்றால் கொதிக்கும். சூட்டைக் கூட்டிக் குறைக்கும் குமிழில் முதல் படி போதாது, கடைசிப் படி கருக்கும், நடுவில் இருப்பதைக் கண்டுபிடிப்பதற்குள் ஒரு தகடு போய்விடும். மின்கம்பியின் நீளத்தை முடிவு செய்தவர் சுவரை ஒட்டித்தான் எல்லாரும் டயர் வெட்டுவார்கள் என்று நினைத்திருக்க வேண்டும். இத்தனையையும் பொறுத்துக்கொள்ளலாம்.

நாற்றத்தை முடியாது. ரப்பரில் கந்தகம் இருக்கிறது. 1839-ல் சார்ல்ஸ் குட்இயர் கண்டுபிடித்த வல்கனைசேஷனே அதுதான். சுட்டால் அது காற்றுக்கு வரும், கூடவே கரியும் எண்ணெயும் வரும். முகமூடி கட்டாயம், திறந்தவெளி கட்டாயம். மின்விசிறி வைத்தால் புகை பக்கத்து வீட்டுக்குப் போகும், வைக்காவிட்டால் நம் மூக்குக்கு. அடுக்குமாடியில் இருப்பவர்கள் இதை வாங்கவே வேண்டாம், பால்கனியில் உட்கார்ந்து செய்து பார்க்கும் எண்ணம்கூட வேண்டாம். ஒரு பின் டயரின் நடு வரிசைகளை முடிப்பதற்குள் பொழுது போய்விடும், மறுநாள் காப்பிக் கிண்ணத்தில்கூட டயர் மணக்கும். ஆங்கிள் கிரைண்டர் வைத்துச் செய்யலாமே என்பவர்களுக்கு: அது ரப்பரை வெட்டாது, உருக்கும், விளிம்பை இன்னும் உருட்டிவிட்டுப் போகும். கூரான ஹேக்ஸா பிளேடால் பொறுமையாக அறுத்தால் வாசனையில்லாமல் பாதி வேலை நடக்கும். இரண்டு மூன்று பட்டன்தான் என்றால் அதுவே மேல்.

பலன் உண்டா? உண்டு. மழை பெய்து விட்ட மறுநாள் செம்மண் ஏற்றத்தில், நின்ற இடத்திலிருந்து கிளம்பும்போது செதுக்கிய டயர் மண்ணைக் கடித்தது நன்றாகத் தெரிந்தது. செதுக்காதபோது அதே இடத்தில் பின்பக்கம் பாம்புபோல் நெளிந்து குழி தோண்டியது. ஆனால் இந்தக் கூர்மை புது டயரின் கூர்மைபோல் நிலைக்கவில்லை. பட்டன் குட்டையாகவும் ஒல்லியாகவும் ஆகிவிட்டதால் சீக்கிரம் மடங்கி, சீக்கிரம் மழுங்குகிறது. இரண்டாம் முறை செதுக்க அதில் சதை இல்லை. வேரில் விரிசல் விழுந்த பட்டன் செதுக்கினால் பிய்ந்துகொண்டு வரும்.

வயதான டயருக்கு எந்தக் கத்தியும் உதவாது. பக்கச்சுவரில் நான்கு இலக்க எண் இருக்கும். 2319 என்றால் 2019-ன் 23-ஆவது வாரம். வெயிலில் நின்று இறுகிப்போன ரப்பரில் விளிம்பைக் கூராக்கினாலும் ஈர வேர்மேல் கண்ணாடித்துண்டாகத்தான் வழுக்கும். பட்டன் தலையில் மெல்லிய கீறல்கள் போட்டால் கொஞ்சம் நெகிழ்ந்து கொடுக்கும். அதற்கும் இந்தக் கருவி பெரிது, ஒல்லித் தகடு தனியாக வாங்க வேண்டும்.

தேய்ந்த டயரைப் பிழைக்கவைப்பது கஞ்சத்தனம் என்று முகம் சுளிப்பவர்களும் உண்டு. அவர்களுக்கு ஒரு நினைவூட்டல்: 1946-ல் சென்னையில் பொம்மை பலூன் செய்யத் தொடங்கிய எம்.ஆர்.எஃப். நிறுவனம் 1952-ல் டயர் உலகத்துக்குள் நுழைந்தது புது டயரோடு அல்ல, பழைய டயருக்குப் போடும் ரீட்ரெடிங் ரப்பரோடு. முழு டயர் அதற்குப் பல ஆண்டுகள் கழித்துத்தான் வந்தது.

வாங்கலாமா என்றால், வீட்டுக்குப் பின்னால் வெட்டவெளி இருக்கிறவர், நாலைந்து நண்பர்களோடு செலவைப் பகிர்ந்துகொள்கிறவர், சாலைக்கே வராத வண்டி வைத்திருப்பவர் வாங்கலாம். ஒற்றை ஆள், வருடத்துக்கு ஒரு பின் டயர் தேய்ப்பவர் என்றால் திருப்பிப் போட்டு ஓட்டிவிட்டு, மிச்சமாகும் பணத்தைப் புது டயருக்குச் சேர்ப்பது கணக்குக்கு ஒத்துவரும். யாராக இருந்தாலும் முன் டயரில் இந்த வித்தையெல்லாம் வேண்டாம். பின் சக்கரம் வழுக்கினால் வண்டி நெளியும், சமாளிக்கலாம். இறக்கத்தில் முன் சக்கரம் வழுக்கினால் சமாளிக்க நேரமே இருக்காது. முன் டயரின் ஓரப் பட்டன்கள் உருண்டுவிட்டால் மாற்றிவிடுவதுதான். வாங்க முடிவு செய்தவர்கள் கருவியோடு உபரித் தகடுகளையும் சேர்த்தே வாங்கிவிடுங்கள். பெட்டியில் வருபவை முதல் டயர் முடிவதற்குள் தீர்ந்துவிடும், ஊர்க் கடைகளில் கேட்டால் லாரிக்கான பெரிய அளவுதான் கிடைக்கிறது.