கூத்தின் ஒப்பனையும் ஒளியும்

அரங்கமைப்பு, உடை, ஒளி ஆகிய மூன்றையும் வெவ்வேறு கலைகளாகப் பிரித்து நோக்குதல் இக்கால நாடகத்தார் வழக்கு. இவற்றுக்குரிய காட்சிக் கருத்துகளை அவர்கள் நாட்டுக் கூத்துகளினின்றும் பெறுகின்றனர். அங்ஙனம் பெறுங்கால் கொள்ளத்தக்கது யாது என்பதே ஈண்டு ஆராயப்படும் பொருள். காஞ்சிபுர மாவட்டத்து உத்திரமேரூரைச் சூழ்ந்த ஊர்ப்புறங்களில் ஆடப்பெறும் பாரதக் கூத்து இதற்குச் சான்றாகும்.

பாரதம் இந்நிலத்துக்குப் புதியதன்று. ஏழாம் நூற்றாண்டினனாகிய முதலாம் பரமேசுவரவர்மனின் கூரம் செப்பேடு, காஞ்சியை அடுத்த அவ்வூரின் மண்டபத்தில் பாரதம் படிப்பதற்கெனப் பங்கு ஒதுக்கியதைக் கூறுகின்றது. இன்றும் திரௌபதியம்மன் விழாக்களில் பகலில் பாரதம் படிக்கப்பெறும். இரவில் கூத்து நிகழும்.

இக்கூத்தில் வேந்தராகவும் வீரராகவும் வருவோர் மரத்தாற் செய்த கிரீடமும் புயக்கட்டையும் மார்புப் பதக்கமும் அணிவர். எடை குறைந்த மரத்தில் வண்ணத்தாளும் கண்ணாடித் துண்டுகளும் ஒட்டி இவை அணிசெய்யப்படும். ‘கட்டைக்கூத்து’ என்னும் பெயரே இவ்வணிகளால் வந்தது. இவற்றைக் கோயிற் சிற்பத்தின் படிகள் எனக் கூறுவாருமுளர். வடிவளவில் அக்கூற்றுப் பொருந்தும். ஆயினும் அது முழு விளக்கமாகாது. சிற்பம் அசையாது நிற்பது; பகலொளியிற் காணப்படுவது. கூத்தின் வேந்தனோ இரவிற் சுழன்று ஆடுபவன். அவனுக்கு நெருங்கிய ஒப்புமை, தீவட்டி சூழ இரவிலே தெருவில் உலாவரும் திருமேனியே என்க. உத்திரமேரூர்ச் சுந்தரவரதப் பெருமாள் கோயிலின் மூன்று நிலைகளிலும் நின்றும் இருந்தும் கிடந்தும் காட்சிதரும் திருமாலை, அடியவர் அறிவதும் கருவறை இருளில் உயர்த்தப்படும் விளக்கின் வழியேயாம். சுடரொளியிற் கண்டு பழகிய கண்ணுக்கே இவ்வொப்பனை அமைந்தது.

இதனை ஒப்பனையின் இயல்பே காட்டும். முன்னாளில் தீவட்டியே கூத்தின் ஒளி. அஃது ஆடுவோர் முகத்தின் உயரத்திலே பிடிக்கப்பட்டமையால், உயர்ந்த கிரீடத்தின் நிழல் முகத்தில் விழவில்லை. சுடரின் செம்மஞ்சள் ஒளியில் துரியோதனனின் செந்நிற முகம் எரிவதுபோல் எழும். நீலமும் பச்சையும் இருண்டு ஆழும். ஆடுவோன் சுழலுந்தோறும் கண்ணாடித் துண்டுகள் அலையும் சுடரை வாங்கி வீசும். பெட்ரோமாக்ஸ் விளக்கும், அதன்பின் குழல்விளக்கும் வந்தபோது இவ்வுறவு குலைந்தது. மேலிருந்து விழும் வெள்ளொளியில் கிரீடம் முகத்தை மறைக்கின்றது. கண்ணாடி ஒரே நிலையில் மின்னுகின்றது. அணி மாறவில்லை, அதன் பொருள் மாறிற்று.

பகலில் நிகழும் படுகளம் இவ்வுண்மையை வேறொரு வகையால் உறுதிப்படுத்தும். அங்கே சுடரின் துணை இல்லை. ஆதலின் துரியோதனன் திறந்த வெளியில் மண்ணாலான பேருருவாகக் கிடத்தப்படுகின்றான். அணிபூண்ட வீமனும் அவ்வுருவின்முன் சிறியனாகத் தோன்றுகின்றான். இரவில் ஒளி செய்த செயலைப் பகலில் அளவு செய்கின்றது. இடத்துக்கும் வேளைக்கும் ஏற்பக் காட்சியை அமைக்கும் இத்தெளிவைத் தற்செயல் எனத் தள்ளுதல் தகாது.

பழந்தமிழ் அரங்கிலும் இக்கொள்கை உண்டு. சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதை, எழுகோல் அகலமும் எண்கோல் நீளமும் ஒருகோல் உயரமும் உடைய அரங்கைக் கூறுகின்றது. ஒருமுக எழினி, பொருமுக எழினி, கரந்துவரல் எழினி என்னும் திரைகளையும் கூறுகின்றது. அவற்றோடு நில்லாது, தூண்களின் நிழல் அவைக்கும் ஆடிடத்துக்கும் இடையூறு ஆகாவண்ணம் விளக்கு அமைத்தலையும் உரைக்கின்றது. தூணை நிறுத்தும்போதே அதன் நிழலையும் எண்ணினர் என்பது இதனாற் பெறப்படும்.

1977-இல் தோன்றிய கூத்துப்பட்டறையின் முதல்வர் ந. முத்துசாமி, புரிசை கண்ணப்பத் தம்பிரானின் கூத்தினின்றும் புதிய நாடகத்துக்கு ஊக்கம் பெற்றவர். அவர் வழியால் கூத்து நகர அரங்கின் மதிப்பைப் பெற்றது. ஆனால் பின்வந்த மேடைகள் சிலவற்றில், கிரீடமும் புயக்கட்டையும் தமிழ்மையின் அடையாளமாக மட்டும் மின்னொளியில் நிறுத்தப்படுகின்றன. ஆடல் இல்லை, அணியை உயிர்ப்பிக்கும் ஒளியும் இல்லை. இது கூத்தைப் பெறுதலாகாது. அதன் ஓட்டைப் பெறுதலேயாம்.

தீவட்டிக்கே மீளுதல் வேண்டும் என்பது நம் கருத்தன்று. முகத்தளவில் நிற்கும் ஒளி, ஒளியறிந்து தெரிந்த வண்ணம், அசைவறிந்து செய்த அணி ஆகிய மூன்றும் மின்விளக்காலும் இயலுவனவே. புதிய நாடகத்தார் கொள்ளவேண்டியது கிரீடத்தின் வடிவத்தை மட்டுமன்று; அக்கிரீடம் எவ்வொளியில், எத்திசையிலிருந்து, எவர் கண்ணுக்குத் தோன்றுமாறு செய்யப்பட்டது என்னும் அறிவையே ஆகும்.