வன்னி வலயங்களிற் கல்வித் திட்டமும் தேர்ச்சி மதிப்பீடும்

மாணாக்கர் கற்றதை அளந்தறிதல் ஒன்று. கற்றாருட் சிலரைத் தெரிந்தெடுத்தல் மற்றொன்று. இவ்விரண்டும் பரீட்சை என்னும் ஒரே பெயரால் வழங்கப்படுதலின் ஒன்றே போலத் தோன்றுகின்றன. இலங்கைக் கல்வி நிருவாகத்தில் இம்மயக்கம் பழையது. ஆயினும் அதன் விளைவை வன்னிப் பெருநிலப்பரப்பின் சிறு பாடசாலைகளிற் காண்பது போல் அத்துணைத் தெளிவாகப் பிறிதோரிடத்திற் காண்டல் அரிது.

1987 ஆம் ஆண்டின் பதின்மூன்றாம் அரசியலமைப்புத் திருத்தத்தின் பின்னர்க் கல்வி நிருவாகத்தின் பெரும்பகுதி மாகாணங்களுக்கு உரியதாயிற்று. மாகாணத்தின் கீழ் வலயமும், வலயத்தின் கீழ்க் கோட்டமும், கோட்டத்தின் கீழ்ப் பாடசாலையும் அமைந்தன. வன்னியில் முல்லைத்தீவு மாவட்டம் முல்லைத்தீவு, துணுக்காய் என்றும், வவுனியா மாவட்டம் வவுனியா வடக்கு, வவுனியா தெற்கு என்றும் வலயங்களாக வகுக்கப்பட்டன. கிளிநொச்சி மாவட்டம் நெடுங்காலம் ஒரே வலயமாக இருந்து, அண்மைக் காலத்திலேயே இரண்டாயிற்று. பாடசாலை ஒவ்வொன்றும் ஐந்தாண்டுத் திட்டமும் ஆண்டுத் திட்டமும் வகுத்தல் வேண்டும். அவற்றைத் திரட்டி வலயம் தன் திட்டத்தை வகுத்தல் வேண்டும் என்பது விதி. விதியிற் குறை காண்டற்கில்லை. திட்டத்தின் தலைப்பில் எழுதப்படும் இலக்கு யாது என்பதே ஆராயத்தக்கது.

அவ்விலக்கு பெரும்பாலும் ஒரு நூற்றுவீதமாகவே இருக்கும். ஐந்தாந்தரப் புலமைப்பரிசிற் பரீட்சையில் வெட்டுப்புள்ளியைக் கடந்தோர் இத்தனை வீதம். 70 புள்ளிக்கு மேற் பெற்றோர் இத்தனை வீதம். சாதாரண தரத்திற் கணிதஞ் சித்தியெய்தினோர் இத்தனை வீதம். சென்ற ஆண்டைவிட வருமாண்டில் இத்தனை வீதம் உயர்த்தப்படும் என்பன போன்றன. பல நூறு மாணவர் தோற்றும் நகரப் பாடசாலைக்கு இக்கணக்கு ஓரளவு பொருந்தும். மாந்தை கிழக்கிலோ நெடுங்கேணிப் புறத்திலோ உள்ள ஓர் ஆரம்பப் பாடசாலையை எண்ணிப் பார்க்க. ஐந்தாந்தரத்தில் நால்வர் பயில்வர் எனக் கொள்க. ஒரு பிள்ளை தேறினால் 25 வீதம். இருவர் தேறினால் 50 வீதம். ஒருவரும் தேறாவிடிற் சூனியம். சென்ற ஆண்டு ஒன்றும் இவ்வாண்டு இரண்டுமாயின் பாடசாலை இருமடங்கு முன்னேறியது என்று அறிக்கை கூறும். அடுத்த ஆண்டு ஒருவருந் தேறாவிடின் அதிபர் விளக்கங் கூற அழைக்கப்படுவார். உண்மையில் இரண்டாண்டுகளிலும் கற்பித்தவரும் கற்பித்த முறையும் ஒன்றாகவே இருந்திருத்தல் கூடும். மாறியவர் பிள்ளைகளே. சென்ற ஆண்டின் நால்வர் வேறு. இவ்வாண்டின் நால்வர் வேறு. ஒருவர் உயரத்தை அளந்து, மறுமுறை மற்றொருவரை அளந்து, இடையில் வளர்ச்சி நிகழ்ந்தது என்று கூறுவார் உளராயின் அவரைக் கணிதம் அறியாதவர் என்போம். வலய அறிக்கையில் மட்டும் அது முன்னேற்றம் எனப் பெயர் பெறுகின்றது.

புலமைப்பரிசிற் பரீட்சை இப்பணிக்கென்று தோன்றியதன்று. கன்னங்கரா காலத்தில், 1940 களில், இலவசக் கல்வியோடும் மத்திய பாடசாலைகளோடும் சேர்த்தெண்ணப்பட்ட ஏற்பாடு அது. வறிய நாட்டுப்புறப் பிள்ளைகளுட் கூர்த்த மதியுடையாரைத் தெரிந்து, விடுதியும் உதவிப்பணமும் நல்கி, நல்ல இடைநிலைக் கல்வியை அவர்க்கு எட்டச் செய்தலே அதன் நோக்கம். நோக்கம் உயர்ந்தது, அதனாற் பயன் பெற்றோர் பலர். ஆனால் அது தெரிவுப் பரீட்சை. நாடெங்கும் ஏறத்தாழ 3 இலட்சம் பிள்ளைகள் தோற்றுமிடத்து ஏறத்தாழ 20,000 பேரே உதவிப்பணத்துக்குத் தகுதி பெறுவர். எஞ்சியோர் எதனைக் கற்றனர், எதனைக் கல்லாதொழிந்தனர் என்பதை அது கூறவேண்டிய கடப்பாடில்லை, கூறுவதுமில்லை. வெட்டுப்புள்ளி மாவட்டந்தோறும் வேறுபடும். ஆகவே அதனைக் கடந்தோர் தொகை கல்வியின் அளவன்று, இட ஒதுக்கீட்டின் அளவேயாம்.

வன்னியில் இதற்கு இன்னுமொரு விளைவு உண்டு. தேறிய பிள்ளை தன் ஊர்ப் பாடசாலையை விட்டுக் கிளிநொச்சிக்கோ வவுனியாவுக்கோ யாழ்ப்பாணத்துக்கோ செல்லும். பெற்றோரைக் குறைகூறல் முறையன்று. அவர் நிலையில் எவரும் அதனையே செய்வர். ஆயினும் ஐந்தாண்டு முயன்று ஈட்டிய நற்பெயரின் பயனாக, ஆறாந்தரம் தொடங்கும்போது அப்பாடசாலை தன் முதல் மாணாக்கனை இழக்கின்றது. அடுத்த ஆறாண்டின் பெறுபேறு அதனாற் குன்றும். குன்றிய பெறுபேற்றுக்கு விளக்கம் கேட்பதும் அதே வலயமே.

இத்தகைய கணக்கு புதிதன்று. இங்கிலாந்தில் 1862 ஆம் ஆண்டில் றொபேட் லோ கொணர்ந்த திருத்தச் சட்டக்கோவை, பிள்ளைகள் வாசிப்பு, எழுத்து, எண் என்பவற்றிற் பெற்ற சித்திக்கேற்ப நன்கொடை வழங்கியது. வித்தியாதரிசியாக இருந்த மத்தியூ ஆணல்ட் என்னும் புலவர் அதனைக் கடுமையாக எதிர்த்தார். வித்தியாதரிசி வரும் நாளுக்கென்றே பிள்ளைகளைப் பயிற்றுதல் கல்வியாகாது என்பது அவர் கருத்தின் சாரம். 1869 இல் இலங்கையிற் பொதுப்போதனைத் திணைக்களம் தோன்றியதைத் தொடர்ந்து நன்கொடை பெறும் பாடசாலைகளுக்கும் பெறுபேற்றுக்கேற்ற கொடை என்னும் முறை வந்தது. இங்கிலாந்து அதனை 1890 களிற் படிப்படியாகக் கைவிட்டது. பணம் கொடுக்கும் வழக்கம் ஒழிந்தது. வித்தியாதரிசி என்ற பெயரும் ஒழிந்தது. பெறுபேற்றினால் மட்டும் பாடசாலையை எடைபோடும் மனப்பான்மை ஒழிந்ததா என்பது ஐயத்துக்குரியது. ஒருவகையில் அக்கால வித்தியாதரிசியைப் பாராட்டவும் வேண்டும். அவர் வகுப்பினுட் சென்று பிள்ளையை வாசிக்கச் சொல்லிக் கேட்டார். கேட்டதைச் சம்பவத் திரட்டிலும் எழுதினார்.

வகுப்பினுள் நிகழ்வதை அளக்கும் கருவி இக்காலத்தில் இல்லாமலில்லை. 1998 இற் கம்பஹா மாவட்டத்தில் முன்னோடியாகவும் 1999 இல் நாடெங்கும் தொடங்கிய ஆரம்பக் கல்விச் சீர்திருத்தம், ஒன்றாந்தரம் முதல் ஐந்தாந்தரம் வரையுள்ள படிப்பை மூன்று முதன்மை நிலைகளாகப் பகுத்தது. ஒவ்வொரு நிலை முடிவிலும் பிள்ளை அடைந்திருக்க வேண்டிய அத்தியாவசியக் கற்றல் தேர்ச்சிகள் இவை என்று பட்டியலிட்டது. எல்லாப் பிள்ளையும் அடைய வேண்டியவை என்பதே அப்பட்டியலின் சிறப்பு. அங்கே வெட்டுப்புள்ளி இல்லை; ஒருவர் அடைவதால் மற்றொருவர் இழப்பதில்லை. பிள்ளையைப் பிள்ளையோடு ஒப்பிடாது, கற்க வேண்டியதோடு ஒப்பிடும் கருவி அது. வன்னி போன்ற நாட்டுக்கு இதனினும் ஏற்றதொன்றை எளிதிற் கருத முடியாது.

ஆயினும் திட்டம் வகுப்போர் மேசையில் அப்பட்டியலுக்கு இடம் அரிது. ஆசிரியர் கூட்டிற் குறியிடுவார். பதிவேடு அலுமாரியில் வைக்கப்படும். மேற்பார்வைக் குழு வருமிடத்துக் காட்டப்படும். குறியிடப்படாத கூடு ஆசிரியரின் குறையாகக் கருதப்படுமாயின் கூடுகளெல்லாம் நிரம்பிவிடும் என்பது மனித இயல்பு. இடைநிலை வகுப்புகளுக்கென ஏற்பட்ட பாடசாலை மட்டக் கணிப்பீட்டுக்கும் பல இடங்களில் இக்கதியே நேர்ந்தது. உண்மையைக் கூறினால் உதவி கிடைக்கும் என்னும் நம்பிக்கை இல்லாதவிடத்து எவரும் உண்மையைக் கூறார். மூன்றாந்தரத்தில் எழுத்துக்கூட்டி வாசிக்க இயலாத பிள்ளைகள் அறுவர் உளர் என்று எழுதும் ஆசிரியருக்குக் கிடைப்பது ஓர் ஆசிரிய ஆலோசகரா, அல்லது ஒரு விளக்கக் கடிதமா? இவ்வினாவின் விடையிலேயே பதிவேட்டின் வாய்மை தங்கியுள்ளது.

மறுதலையாகக் கூறப்படுவதையும் நோக்குதல் வேண்டும். பொதுப் பரீட்சை ஒன்றே பக்கச் சார்பற்றது. அதனை நீக்கினால் அசட்டையான பாடசாலை தன் குறையை மறைத்துக்கொள்ளும் என்பர் சிலர். இது வெறுங் கூற்றன்று. சாதாரண தரக் கணிதத்தில் ஒரு வகுப்பு முழுவதும் சித்தியடையாது போயின், அவ்வுண்மையை வெளிக்கொணர்வது பரீட்சையே. உயர்தரத்தின் நிலை இன்னும் வேறு. பல்கலைக்கழக அனுமதியிற் பின்தங்கியனவாகக் கொள்ளப்பட்ட 16 மாவட்டங்களுள் கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா மூன்றும் அடங்கும். அவ்வொதுக்கீட்டின் பயனை மாணவர் பெறவேண்டுமாயின் பரீட்சைக்கு ஆயத்தஞ் செய்தே ஆகவேண்டும். தொண்டைமானாறு வெளிக்கள நிலையம் நடத்தும் பரீட்சைகள் அவ்வகையில் வடபகுதி மாணவருக்கு ஆற்றிவரும் தொண்டு சிறிதன்று. ஆகவே பரீட்சையை வெறுப்பது அறிவுடைமையாகாது. பதினோராந்தரத்தின் இறுதியில் தெரியவரும் குறை மூன்றாந்தரத்திலேயே தொடங்கியது என்பதும், அதனை எட்டாண்டு பிந்தி அறிவதாற் பயனில்லை என்பதுமே இங்கு வற்புறுத்தத் தக்கவை.

இம்மூன்று மாவட்டங்களின் பிள்ளைகள் ஒரே தன்மையரல்லர். பழைய குளக்கிராமத்துக் குடிகள், குடியேற்றத் திட்டங்களால் வந்த யாழ்ப்பாணத்துக் குடும்பங்கள், 1958 இலும் 1977 இலும் நிகழ்ந்த வன்செயல்களின் பின் மலையகத்திலிருந்து வந்தோர், கடற்றொழிலாளர் எனப் பலரின் மக்கள் அருகருகே அமர்ந்து கற்கின்றனர். வவுனியா தெற்கிற் சிங்கள மொழிமூலப் பாடசாலைகளும் உள. 2009 மே மாதத்தில் யுத்தம் முடிந்தபோது ஏறத்தாழ 2 இலட்சத்து 80 ஆயிரம் மக்கள் பெரும்பாலும் செட்டிகுளத்து மெனிக் பாம் முகாம்களில் இருந்தனர். அங்கே தகரக் கொட்டில்களிலும் மரநிழலிலும் வகுப்புகள் நடந்தன. அவ்வாண்டிலேயே முகாம்களிலிருந்து மாணவர் பொதுப் பரீட்சைகளுக்குத் தோற்றினர். அந்நாளிற் கற்பித்த ஆசிரியர் முன் வலய இலக்கு ஒன்றும் இருக்கவில்லை. பிள்ளை எத்தனை மாதம் பள்ளியை இழந்தது, எதுவரை கற்றது, இனி எங்கே தொடங்குவது என்று ஒவ்வொருவராகக் கேட்டறிந்தே கற்பிக்க வேண்டியிருந்தது. இடரிற் பிறந்த அவ்வழக்கம் மதிப்பீட்டின் மெய்யான இலக்கணத்தோடு ஒத்தது. 2012 செப்டெம்பரில் முகாம் மூடப்பட்டது; மக்கள் ஊர் திரும்பினர்; பாடசாலைகளுக்குக் கட்டடங்கள் எழுந்தன. கேட்டறிந்து தொடங்கும் அவ்வழக்கம் மட்டும் புதிய கட்டடங்களுக்குள் வந்து சேரவில்லை.

ஆசிரியர் பங்கீட்டைத் தொடாத திட்டம் திட்டமாகாது என்பதும் இங்கு கூறற்பாலது. 2013 இற் கிளிநொச்சிக்கும் 2014 இல் யாழ்ப்பாணத்துக்கும் புகைவண்டி மீண்டும் ஓடத் தொடங்கியபின், யாழ்ப்பாணத்திலிருந்து நாள்தோறும் வந்து கற்பித்து மாலையில் மீள்வோர்க்கு வழி எளிதாயிற்று. ஏ-9 வீதியை அண்டிய பாடசாலைக்கு ஆசிரியர் கிடைத்தனர். உள்ளூர்ப் பாடசாலைக்குப் பேருந்தும் இல்லை, ஆசிரியரும் இலர். கட்டாய சேவைக் காலம் முடிந்ததும் இடமாற்றம் பெற்றுச் செல்லும் ஆசிரியரோடு, எந்தப் பிள்ளைக்கு எது வரவில்லை என்னும் அறிவும் சென்றுவிடுகின்றது. அதிபரிடம் எஞ்சுவது நூற்றுவீதமே.

இரணைமடுக் குளத்தின் நீர்மட்டத்தை அடிக்கணக்கில் அளந்த பின்னரே சிறுபோகத்துக்குரிய ஏக்கர்த் தொகை தீர்மானிக்கப்படும். பயிர்ச்செய்கைக் கூட்டத்திற் கமக்காரர் எத்துணை வாதாடினும், குளத்தில் இல்லாத நீரை எவரும் பங்கிட முற்படார். வலயத் திட்டத்தில் ஏக்கர் முதலில் எழுதப்படுகின்றது. குளம் பின்னரே பார்க்கப்படுகின்றது. இம்முறையை மாற்றுதற்குப் புதிய பரீட்சையோ பெருஞ்செலவோ வேண்டியதில்லை. முதன்மை நிலை ஒவ்வொன்றின் முடிவிலும் தேர்ச்சி எய்தாத பிள்ளைகளின் தொகையை, வீதமாக அன்றி ஆள் எண்ணிக்கையாக, பாடசாலைகள் வலயத்துக்கு அறிவிக்கலாம். ஆசிரிய ஆலோசகரின் பயண ஒழுங்கை அவ்வெண்ணிக்கைப்படி வகுக்கலாம். ஆசிரியர் மாறுமிடத்து அப்பதிவேட்டைப் புதியவர் கையெழுத்திட்டுப் பெற்றுக்கொள்ளவும், பிள்ளை பாடசாலை மாறுமிடத்து விடுகைப் பத்திரத்தோடு அதன் பிரதியும் செல்லவும் ஒழுங்கு செய்யலாம்.